கொழும்புச் சம்பளம், கிளிநொச்சிச் சட்டம்: வன்னியில் நடந்தது என்ன மாதிரியான ஆட்சி?

மருதநிழல் (இழையைத் தொடங்கியவர்)

விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கையில் இருந்த இலங்கையின் வடக்கு வன்னியைப் பற்றிப் போன கிழமை இன்னொரு இழையில் ஒருவர் "வன்னியில் தனி அரசே நடந்தது" என்று எழுதினார். உடனே இன்னொருவர் "அது அரசில்லை, வெறும் துவக்கு" (துப்பாக்கி) என்று எழுதினார். பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி ஏச்சுத்தான். அந்தச் சனம் அங்கே எப்படிச் சீவித்தது என்று ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

என்ர அப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளாக்கர். 1996 செப்டெம்பரில் ஆமி கிளிநொச்சியைப் பிடிக்க, எங்களோடு சேர்ந்து அப்பாவின் கந்தோரும் இடம்பெயர்ந்தது. கோப்புகளை உரப்பையில் கட்டி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, மேலே தறப்பாள் போட்டுக் கொண்டுபோனார்கள். அப்பாவின் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. எங்கள் ஒழுங்கையில் வேலிச் சண்டை வந்தால் வழக்கு போனது தமிழீழ நீதிமன்றத்துக்கு.

வெளியில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், எங்களுக்கு நேரமே இரண்டாக இருந்தது. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காகக் கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்பப் பின்னுக்கு எடுத்தது. இயக்கம் இரண்டு மாற்றத்தையும் ஏற்கவில்லை, பழைய நேரத்தையே வைத்திருந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, பத்து வருசம் போல, ஆமியின் எல்லைக்கு அங்கால ஒரு நேரம், இங்கால ஒரு நேரம். எங்கள் வீட்டுச் சுவரில் வன்னி நேரம், அப்பாவின் கைக்கடிகாரத்தில் கொழும்பு நேரம். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையை நடத்துவது கொழும்புப் பரீட்சைத் திணைக்களம். அதனால் பரீட்சை நாளில் சுவரைப் பார்க்கமாட்டோம், அப்பாவின் கையைப் பார்த்துத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவோம்.

அங்கே சீவித்தவர்கள் எழுதுங்கோ. இது என்ன மாதிரியான ஆட்சி? ஏச்சு வேண்டாம்.

---

வடகரை

மருதநிழல் தங்கச்சி, நல்ல இழை. நான் 2000ஆம் ஆண்டுவரை அங்கே இருந்தவன், அதனால் எனக்கும் சொல்ல உரிமை இருக்குது.

அது அரசுதான். அரசு என்றால் என்ன? பொலிஸ் இருந்தது. 1991 நவம்பரில் தமிழீழக் காவல்துறை தொடங்கியது, வெளிர் நீலச் சட்டையும் கடும் நீலக் காற்சட்டையும். நீதிமன்றம் இருந்தது. சட்டக் கல்லூரி இருந்தது. சொந்தமாகத் தண்டனைக் கோவையும் குடியியல் கோவையும் எழுதினார்கள். சீதனம் வாங்கத் தடை, பெண்களின் சொத்துரிமையில் தேசவழமைச் சட்டம் (வடக்குத் தமிழரின் மரபுச் சட்டம்) வைத்திருந்த கட்டுகளைத் தளர்த்தினது, எல்லாம் அதற்குள் வந்தது. 1994 மே மாதம் தமிழீழ வைப்பகம் திறந்தது. காட்டுக்கு ஒரு பிரிவு, பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குச் செஞ்சோலையும் அறிவுச்சோலையும், ஊர்களில் திலீபன் பெயரில் மருத்துவ நிலையங்கள்.

இதெல்லாம் எங்கே நடந்தது? எரிபொருள் இல்லாத, சீமெந்து இல்லாத, மின்சாரம் இல்லாத இடத்தில. ஆகாயத்தில கிபிர் போர்விமானம் சுத்தச் சுத்த நடந்தது. இரவு பத்து மணிக்குப் பொம்பிளைப்பிள்ளை தனியச் சைக்கிளில வீட்டுக்கு வரலாம். லஞ்சம் என்ற சொல்லே இல்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 நெடுஞ்சாலையில் வந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் எல்லாரும் முதலில் எழுதினது வேகம் அளக்கிற கருவியோட றோட்டில் நிண்ட எங்கட பொலிசைப் பற்றித்தான். தெற்கிலிருந்து வந்த வாகனமெல்லாம் கிளிநொச்சியில் வேகம் குறைச்சுத்தான் ஓடும்.

முற்றுகைக்குள்ள இருந்துகொண்டு இவ்வளவையும் கட்டினதை "வெறும் துவக்கு" என்று சொன்னால் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

---

நெய்தல்

வணக்கம். நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதறேன். இந்த விஷயத்துல நான் கத்துக்க வந்தவன்தான், தப்பா கேட்டா மன்னிச்சுக்குங்க.

மருதநிழல் அக்கா எழுதினதுல ஒண்ணு எனக்குப் புரியல. அப்பாவுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்ததுன்னு சொல்றீங்க. சண்டை போடற அரசாங்கமே எதிரி பிடிச்சு வச்சிருக்கிற இடத்துல இருக்கிறவங்களுக்குச் சம்பளம் குடுத்துச்சா? இங்க நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தது வெளிநாட்டுல இருந்து வர்ற பணத்துல அவங்களே எல்லாத்தையும் நடத்தினாங்கன்னுதான்.

---

மருதநிழல்

நெய்தல் தம்பி, இதில் தப்பாகக் கேட்க ஒன்றுமில்லை. எங்கட கதையில் வெளியில் ஆகக் குறையத் தெரிந்த பகுதியே இதுதான்.

ஓம், கொழும்புதான் சம்பளம் கொடுத்தது. அரச அதிபர் (மாவட்டத் தலைமை அதிகாரி), உதவி அரச அதிபர், கிராம சேவகர், ஆசிரியர், வைத்தியர், தாதி, தபால்காரர், எல்லாரும் கொழும்பு அரசின் ஊழியர்கள். பாடப்புத்தகம் கொழும்பு அச்சடித்தது. ஆஸ்பத்திரிக்கு மருந்து சுகாதார அமைச்சிலிருந்து வர வேண்டும். நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளரின் லொறியிலும் உலக உணவுத் திட்டத்தின் லொறியிலும் வந்தன. புழங்கின காசும் இலங்கை ரூபாய்தான். வைப்பகம் திறந்தாலும் இயக்கம் தனிக் காசு அடிக்கவில்லை.

கொழும்பு ஏன் கொடுத்தது? சம்பளத்தை நிறுத்தினால் அந்த நிலம் தன்னுடையதில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இயக்கம் ஏன் விட்டது? அதைத் தடுத்தால் அவ்வளவு ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் தானே சம்பளம் கொடுக்க வேண்டிவரும். இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் கணக்குக்காக ஒரே கிளாக்கரை வைத்திருந்தன.

அப்பா ஒருமுறை அரச அதிபரோடு வவுனியாவுக்குக் கூட்டத்துக்குப் போய்வந்தார். போகும்போது இந்தப் பக்கம் இயக்கத்தின் பாஸ் காட்ட வேண்டும், அந்தப் பக்கம் ஆமியின் சோதனை. வரும்போது அதே வரிசை மறுபக்கமாக. கையில் கொண்டுபோன பட்டியலில் கேட்டது யூரியாவும் குளோரினும் மலேரியா மருந்தும். அந்தக் காலம் வன்னியில் மலேரியா இல்லாத வீடு இல்லை. குளோரின் கிடைத்தது. யூரியாவுக்கு "வெடிமருந்து செய்யலாம்" என்று பதில். யூரியா இல்லாமல் இரணைமடுக் குளத்துத் தண்ணி பாய்ந்தும் நெல்லு எப்படி விளையும்? அது பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லையாம். அப்பா அதைச் சொல்லும்போது குரல் உயராது. ஆனால் அந்தப் பட்டியலின் கார்பன் பிரதியைக் கனகாலம் வைத்திருந்தார்.

வடகரை அண்ணைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதின நிறுவனங்கள் எல்லாம் உண்மை, நானும் பார்த்தனான். ஆனால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நிவாரணமும் கொழும்பு தந்தது. பொலிஸ், நீதிமன்றம், வரி, எல்லைக் காவல் இயக்கம் வைத்திருந்தது. அரசு என்றால் இரண்டும் சேர்ந்ததுதானே?

---

தட்டிவான்

நான் யாழ்ப்பாணம். அய்யா வியாபாரம், லொறி வைத்திருந்தவர். கொழும்பு போட்ட பொருளாதாரத் தடைக்காலம் பற்றி நானும் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் வன்னிக்கு முன்பே 1990 யூனிலிருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில்தான் இந்த ஆட்சி நடந்தது.

பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, உரம், பற்றறி. ஒன்றும் விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் கொஞ்சம் வரும். அதில்தான் எல்லாம். மோட்டார் சைக்கிளுக்குச் சூப்பி என்று ஒன்று வைத்திருப்போம், சின்னப் போத்தலில் துளிப் பெற்றோல். அதைக் காபுரேற்றருக்குள் அடித்து என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது. புகை கண்ணைக் கரிக்கும். படிக்கிறதுக்கு ஜாம் போத்தல் விளக்கு: போத்தலுக்குள் பஞ்சு, பஞ்சு நனையுமளவு எண்ணெய், மூடியில் சைக்கிள் வால்வுக் குழாய், அதில் நூல் திரி. சுண்டுவிரல் நகமளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் படித்து மருத்துவபீடம் போனவர்கள் இருக்கிறார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவில் றேடியோ பாடும். சவர்க்காரம் இல்லை, பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம்.

ஆனையிறவிலும் பூநகரியிலும் ஆமி முகாம். தரைவழி இரண்டும் அடைப்பு. வெளியில் போக வேண்டுமென்றால் இரவில் கிளாலிக் கடலேரியில் வள்ளம். நேவி சுடும். 1993 ஜனவரியில் அந்தக் கடலில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது எங்கள் ஊரில் வயது வந்த எல்லாருக்கும் தெரியும்.

அதே காலத்தில்தான் இயக்கம் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று நகையும் கேட்டது. தடை ஒரு பக்கம், பவுண் ஒரு பக்கம். இரண்டையும் எழுதினால்தான் கதை முழுசு.

---

புத்தளக்காற்று

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மருதநிழல் தங்கச்சி ஏச்சு வேண்டாம் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபர் 30 காலையில் இயக்கம் ஒலிபெருக்கியில் முஸ்லிம்கள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னது. அங்கே வைத்துச் சொல்லப்பட்டது: இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் இருந்தவர்களுக்குச் சில நாள் தவணை கிடைத்தது. எங்களுக்கு இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுக்க எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த ஒக்டோபரில் ஊரை விட்டு வந்தோம். உம்மா தோசைக்கல்லை அடுப்பில் இருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தார். சூடு ஆறட்டும், வந்து கழுவலாம் என்று நினைத்தாராம்.

வடகரை நானா, நீங்கள் சொன்ன பொலிஸ், நீதிமன்றம், சட்டக்கோவை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்த நீதிமன்றம் ஒன்றிலாவது எங்கள் வீட்டுக்காக ஒரு வழக்கு எழுந்ததா? 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் இயக்கத்தின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் நியாயப்படுத்த முடியாத அரசியல் தவறு என்றார். பன்னிரண்டு வருசம் கழித்து வந்த அந்தச் சொல்லையும் நான் மதிக்கிறேன். ஆனால் தவறு என்று சொன்னவர்கள் அதை முடிவெடுத்தது யார், எப்படி என்று சொல்லவில்லை. கேட்கவும் இடமில்லை.

நல்ல ஆட்சியா இல்லையா என்பதை உள்ளே இருக்க விட்டவர்களிடம் மட்டும் கேட்டால் பதில் பாதிதான் வரும்.

---

வடகரை

புத்தளக்காற்று, உங்கட பதிவை மூன்று தரம் வாசிச்சேன்.

இதுக்கு என்னட்ட மறுபேச்சு இல்லை. 1990இல் எனக்குப் பத்தொன்பது வயசு. எங்கட தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வெறும் வீடுகளாக் கிடந்தது. நாங்கள் பேசாமல் இருந்தோம். பயத்தில மட்டும் இல்லை, இயக்கம் செய்தால் அதில காரணம் இருக்கும் என்று நம்பினோம். இப்ப யோசிச்சால் அதுதான் பெரிய பிழை. முந்தி எழுதினதில் "அரசு" என்று பெருமையாச் சொன்னேன். சொந்தச் சனத்தின் ஒரு பகுதியை இரண்டு மணித்தியாலத்தில வெளியில விட்டதையும் அந்தக் கணக்கில எழுதியிருக்க வேணும். எழுதாமல் விட்டது என்ர தவறு.

---

நெறியாளர்

சில பதில்களை நீக்கியிருக்கிறேன். புத்தளக்காற்று எழுதியதற்குக் கீழே "ஆனால் கிழக்கில்…" என்று தொடங்கியவை அவை. கிழக்கில் நடந்தவற்றுக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதும்போது இன்னொரு கொலையைக் காட்டி அவர் வாயை அடைக்க இடமில்லை. தொடருங்கள்.

---

நெய்தல்

படிக்கப் படிக்க கனமா இருக்கு. நன்றி எல்லாருக்கும்.

ஒரு கேள்வி. தடையும் பஞ்சமும் இவ்வளவு இருந்தும் சனங்க ஏன் வெளியே போகல? ஏ9 திறந்தப்பவாவது போயிருக்கலாமே? விரும்பித்தான் இருந்தாங்களா, இல்ல விடலையா?

---

மருதநிழல்

இரண்டும்தான் தம்பி.

விரும்பி இருந்தவர்கள் நிறையப் பேர். காணி அங்கே, மாடு அங்கே, மாவீரர் துயிலுமில்லக் கல்லறையில் பிள்ளை அங்கே. வவுனியாவுக்குப் போனால் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்பட்டு முகாமில் அடைப்பார்கள் என்ற பயமும் இருந்தது, அது கற்பனைப் பயமில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்துவந்த சனத்தில் பாதிக்கு ஆமியின் பக்கம் போவதை நினைக்கவே முடியாது.

விடாததும் உண்மை. பாஸ் எடுக்க வேண்டும். போகிற ஆள் திரும்பி வருவதற்கு ஆட்பிணை வைக்க வேண்டும், அதாவது இன்னொருவர் இங்கே நின்று பொறுப்பேற்க வேண்டும். இளவயதுப் பிள்ளைகளுக்குப் பாஸ் கிடைப்பது கல்லில் நார் உரிப்பதுதான். குடும்பமாகப் போகக் கேட்டால் ஒருவரை விட்டுவிட்டுப் போகச் சொல்லுவார்கள்.

இதில் எனக்கு ஆக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன், அண்ணைமார் கோவிக்கக் கூடாது. முற்றுகையைப் போட்டது கொழும்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சோற்றையும் மருந்தையும் ஆயுதமாகப் பாவித்தது அது. ஆனால் முற்றுகை உள்ளுக்குள் என்ன செய்தது? வெளியிலிருந்து வருவதற்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலின் வெளிப்பக்கத் திறப்பு கொழும்பிடம், உட்பக்கத் திறப்பு இயக்கத்திடம். ஒரு மூடை சீமெந்து வந்தால் அது யாருக்குப் போகும் என்று முடிவெடுப்பது வாசலில் நிற்பவன். ஒரு பிள்ளை வெளியே படிக்கப் போகலாமா என்று முடிவெடுப்பதும் அவன்தான். இயக்கத்தை நலிவடையச் செய்யத்தான் தடை என்று கொழும்பு சொன்னது. தடை நீள நீள, சனத்துக்கு இயக்கத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாமல் போனதுதான் நடந்தது. எங்கள் ஒழுங்கையில் தனியாகக் கடை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடினார்கள். பிறகு திறந்திருந்தது இயக்கத்தின் வாணிபக் கடை.

எதிர்த்துக் கேட்பதற்கு வழி இருந்ததா என்று பாருங்கள். தேர்தல் இல்லை. மற்ற இயக்கங்களை 1986இலேயே அழித்தாயிற்று. ஈழநாதம் பேப்பரில் இயக்கத்தைக் குறை சொல்லி ஒரு கடிதம் வந்ததை நான் பார்த்ததில்லை. வேலிச் சண்டைக்கு நீதி கிடைத்தது, நேர்மையாகவே கிடைத்தது, அதை நான் எங்கேயும் சொல்லுவேன். ஆனால் வழக்கின் மறுபக்கம் இயக்கமே நின்றால் எந்த நீதவானிடம் போவது?

---

வடகரை

> முற்றுகை உள்ளுக்குள் என்ன செய்தது?

இந்த இடம் சரி தங்கச்சி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேணும். சமாதான காலத்தைப் பாருங்கோ. தடை தளர்ந்தவுடன எல்லாம் மாறத் தொடங்கினதுதானே? முற்றுகை இல்லாட்டி அந்த நிர்வாகம் நல்லா வளர்ந்திருக்கும் என்று நான் இப்பவும் நம்புறன். 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைச்சுக்கொண்டு போனபோது, சடலம் எடுக்கிறதில இருந்து முகாம் போடுறதுவரை இயக்கமும் தமிழர் புனர்வாழ்வுக் கழகமும் செய்த வேகத்தை வெளிநாட்டு உதவி நிறுவனங்களே பாராட்டினது. கொழும்பும் இயக்கமும் சேர்ந்து நிவாரணம் செய்ய 2005 யூனில் ஒரு பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாசமே கொழும்பு உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை நிறுத்திவைத்தது. சுனாமியில தப்பின சனத்துக்கு நிவாரணம் கொடுக்கிறதில கூடச் சேர்ந்து வேலை செய்ய விடாத நாடு.

---

தட்டிவான்

சமாதான காலம் பற்றி என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது.

2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 யாழ்ப்பாணம்வரை திறந்தது. அய்யா லொறியைத் திரும்ப எடுத்தார். ஓமந்தையில் ஆமி எல்லாச் சாமானையும் இறக்கச் சொல்லும், இறக்கி ஏற்றினால் செஞ்சிலுவைக் கொடி பறக்கிற, இரு பக்கமும் இல்லாத சூனியப் பிரதேசம், அதைத் தாண்டிப் புளியங்குளத்தில் இயக்கத்தின் சுங்கம். திரும்ப இறக்கி ஏற்று. வடக்கு முனையில் பளையும் முகமாலையும், அங்கேயும் அதே கதை. ஒரு பாதையில் ஒரே லொறி நான்கு தரம் இறங்கி ஏறும். சுங்கத்தில் கட்டின காசு சாமான் விலையில் ஏறும். கடைசியில் கொடுப்பது யாழ்ப்பாணத்தில் சீனி வாங்குகிற கிழவி. யாழ்ப்பாணத்துச் சனம் இதை அப்போதே சத்தமில்லாமல் முணுமுணுத்தது.

ஆனாலும் அந்த நாலு வருசம் மனிதர் மாதிரி இருந்தோம் என்பதை மறுக்க மாட்டேன். கிளிநொச்சிப் பாண்டியன் கடையில் பஸ்ஸை நிற்பாட்டி ஐஸ்கிறீம் குடித்த ஞாபகம் எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் இருக்கும்.

வடகரை அண்ணை, தடை தளர்ந்தால் நிர்வாகம் மாறியிருக்கும் என்கிறீர்கள். படைக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது அந்த நாலு வருசத்தில் நின்றதா? யுனிசெப் பதிவுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதில் கணிசமானது சமாதான காலத்தில்தான். தேர்தல் வைக்கலாம் என்று ஒரு பேச்சாவது வந்ததா? 2003 ஒக்டோபரில் இயக்கம் கொடுத்த இடைக்கால நிர்வாகத் திட்டத்தில் ஐந்து வருசம் கழித்துத் தேர்தல் என்று எழுதியிருந்தார்கள். எழுத்தில் இருந்தது. ஊரில் ஒரு கிராமச் சங்கத் தலைவரைக் கூடச் சனம் தானாகத் தேர்ந்தெடுத்ததை நான் காணவில்லை.

2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் சண்டை தொடங்கியது, பாதை பூட்டியது. அய்யாவின் லொறி யாழ்ப்பாணத்தில் அகப்பட்டது. சீனி, மா, எல்லாம் திரும்பக் கப்பலில்.

---

நெய்தல்

அக்கா, போரோட கடைசிக் காலத்துல உங்க அப்பா அங்கதான் இருந்தாரா? கேக்கலாமான்னு தெரியல. எழுத முடியலன்னா விட்டுடுங்க.

---

மருதநிழல்

எழுதலாம். எழுத வேண்டுமென்றுதான் இந்த இழையையே தொடங்கினேன், இவ்வளவு நேரம் அதைச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

2006க்குப் பிறகு வீட்டுக்கொருவர் இயக்கத்தில் சேர்வது கட்டாயம் என்று ஆனது. கிளிநொச்சிச் சந்தையில் பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளைகள் அவசரமாகத் தாலி கட்டிக்கொண்டு நின்றார்கள், கலியாணம் முடித்தால் எடுக்கமாட்டார்கள் என்று. பிறகு அதுவும் காப்பாற்றவில்லை. 2008 செப்டெம்பரில் அரசு ஐநாவையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. ஐநா வளாகத்தின் வாசலில் சனம் படுத்துக்கிடந்து போகாதேங்கோ என்று அழுதது. போய்விட்டார்கள். 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது.

அப்பாவின் வேலை நிற்கவில்லை. விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று சனம் ஒதுங்க ஒதுங்க, கச்சேரிக்காரர்களும் பதிவேட்டோடு ஒதுங்கினார்கள். நிவாரணம் அனுப்ப ஆட்கணக்கு வேண்டும். கிராம சேவகர் பிரிவு வாரியாகக் குடும்ப அட்டையை எண்ணித் தொகை எடுப்பது கிளாக்கர்களின் வேலை. பெப்ரவரியில் அந்த அதிகாரிகளின் கணக்கு மூன்று இலட்சத்துக்கு மேல், 330,000 அளவில். கொழும்பு ஏறத்தாழ 70,000 பேர்தான் உள்ளே என்று அறிவித்தது. தன்னுடைய சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் எண்ணிக் கொடுத்த தொகையையே அது நம்ப மறுத்தது. நம்ப மறுத்தது என்பது சரியில்லை. நம்பினால் அவ்வளவு பேருக்கும் சோறு அனுப்ப வேண்டும், அவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் ஷெல் அடிக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் கடைசியில் 10,000 பேர் என்றது. ஐநாவின் கணக்கு அப்போதும் ஓர் இலட்சத்துக்கு மேல். கடைசியில் முகாம்களுக்குள் போனவர்கள் மட்டும் 280,000க்கும் மேல். போய்ச் சேராதவர்கள் நாற்பதினாயிரம்வரை இருக்கலாம் என்று 2011இல் ஐநா நிபுணர் குழு எழுதியது.

செஞ்சிலுவைக் கப்பல் மாத்தளன் கரைக்குக் காயக்காரரை ஏற்ற வந்தது, அதில் கொஞ்ச உணவும் வந்தது. 70,000 கணக்குக்கு அனுப்பின சாப்பாடு மூன்று இலட்சத்துக்கு எப்படிப் போதும்? கஞ்சிதான். தண்ணிக்குள் நாலு பருக்கை. வரிசையில் நின்ற இடத்திலேயே ஷெல் விழுந்தது. பாதுகாப்பு வலயம் என்று அரசு பெயர் வைத்த இடத்துக்குள், ஆஸ்பத்திரிக்குள் விழுந்தது.

இயக்கத்துக்கும் எங்கள் எண்ணிக்கை தேவைப்பட்டது. சனம் அங்கே இருக்கும்வரைதான் உலகம் தலையிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கடலேரியைக் கடந்து ஆமிப் பக்கம் போகப் பார்த்தவர்களைச் சுட்டதும் அதே நிபுணர் குழு அறிக்கையில் இருக்கிறது, அங்கே நின்றவர்களின் வாயிலும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு நாங்கள் இல்லாத சனம். மறு பக்கத்துக்கு நாங்கள் போகக்கூடாத சனம்.

வடகரை அண்ணை, அரசா இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது இதுதான். பொலிசையும் வைப்பகத்தையும் வைத்து நான் அளக்கவில்லை. மாத்தளனில் அந்தச் சனம் போகட்டுமா இருக்கட்டுமா என்று அந்தச் சனத்திடம் ஒருத்தரும் கேட்கவில்லை. இருபது வருசம் கேட்டுப் பழகியிருந்தால் அன்றைக்கும் கேட்டிருப்பார்கள்.

---

வடகரை

வாசிச்சேன். இதுக்கு இப்ப பதில் எழுதமாட்டேன் தங்கச்சி. என்ர தமக்கையின் குடும்பம் மாத்தளனில நிண்டது.

---

புத்தளக்காற்று

மருதநிழல் தங்கச்சி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? அந்தப் பதிவேடு தப்பியதா?

---

மருதநிழல்

இருக்கிறார் நானா. வவுனியாவில் எங்களோடு. காது ஒரு பக்கம் கேளாது.

பதிவேடு இல்லை. வலைஞர்மடத்தில் பங்கருக்குப் பக்கத்தில் பொலித்தீனில் சுற்றித் தாட்டுவிட்டு வந்தாராம், ஈரம் பிடிக்காமல் இருக்க இரண்டு சுற்று. 2012இல் ஊருக்கு விட்ட பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தார். கரை முழுக்க ஒரே மாதிரி மணல், இடம் பிடிபடவில்லை.

ஆனால் தொகைகள் அவருக்குப் பாடம். கரண்ட் போன இரவுகளில் கேட்டால் சொல்லுவார். கிராம சேவகர் பிரிவு ஒவ்வொன்றாக, ஜனவரியில் எத்தனை அட்டை, பெப்ரவரியில் எத்தனை, ஏப்ரலில் எத்தனை என்று. நான் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன். இன்னும் ஒன்பது பிரிவு மிச்சம்.